குமாதா கட்டிக்கொண்ட காப்பு

போன ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கோடைக் கொண்டாட்டம் என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் என் பெயரைக் கணினியில் தேடிக் கண்டுபிடித்து, மணிக்கட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினாள். "வெளிய போற வரைக்கும் கழட்டக் கூடாது அங்கிள்" என்றாள். அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். கையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டதுதான் சங்கடமாகப் போயிற்று. தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவள் நினைத்திருப்பாள். நான் நினைத்துச் சிரித்தது குமாதாவை.

குமாதா ஜப்பான்காரர். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மறைமலை நகர் பக்கம் காருக்கு வேண்டிய சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்கே பாதுகாப்புப் பிரிவுக்கு அவர் தலைவர். நான் சாயங்கால வகுப்பில் ஜப்பான் மொழி படித்தவன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். எவ்வளவு படித்தேன் என்று எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அதனால் அவர் வாயும் காதும் நானே ஆனேன். அவர் பெயரைக் கேட்ட முதல் நாளே தொழிற்சாலையில் எல்லோரும் அவரைக் கோமாதா ஆக்கிவிட்டார்கள். "கோமாதா வராரு, ஹெல்மெட்டைப் போடு" என்பார்கள். அவருக்கு முன்னாலேயே சொல்வார்கள். தன் பெயரைத்தான் மரியாதையாக இழுத்துச் சொல்கிறார்கள் என்று அவரும் தலை குனிந்து வணங்குவார்.

நகரத்துக்குள் கம்பெனி கொடுத்திருந்த குளிர்சாதன வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தால் சத்தம் கேட்கிற இடம் வேண்டும் என்றார். எங்கள் ஊர், சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற பழைய ஊர். நெல் விளைந்த நிலமெல்லாம் 'நகர்' என்று முடிகிற பெயர்களாக மாறிக்கொண்டிருந்த காலம். நிலம் இருந்தவர்கள் மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள், எங்கள் நைனாவும் விட்டார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த மாடிக்குக் குமாதா குடிவந்தார். நைனாவுக்குக் கோமாதா என்று கூப்பிட மனம் வரவில்லை. மனுஷனை மாடு என்பதா என்று, அன்றைக்கே அவருக்குக் குமார் என்று பெயர் வைத்துவிட்டார். ஊர் வாயில் அது குமாரு ஆயிற்று.

குமாருக்கு ஒரே ஒரு பைத்தியம். கோடைத் திருவிழா. அவர் பிறந்த சிறு ஊரில் மே மாதம் திருவிழாவாம். மரத்தால் செய்த சிறு கோயிலைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்களாம். வேலைக்கென்று ஊர் ஊராக அலைந்ததில் இரண்டு மூன்று வருஷமாய் அதற்குப் போக முடியாமல் போயிருந்தது. அதற்கு ஈடாக இங்கே எங்கே கூட்டம் கூடினாலும் போய் நிற்பார். தாம்பரத்தில் ஒரு கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் திறந்தபோது காரை நிறுத்தி இறங்கி, மோர் வாங்கிக் குடித்து, தலைவர் படத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வந்தார். வெயிலில் தவிக்கிறவர்களுக்குக் கேட்காமலே மோர் கொடுக்கிற கடவுள் மிகவும் நல்ல கடவுள் என்றார். நான் திருத்தவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு நாள் பறையும் பட்டாசுமாக ஓர் ஊர்வலம் வந்தது. பூ மழை. இளவட்டங்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். குமாதா என்னைக் கேட்கவே இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடுவில் புகுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுப்பதற்குள் இரண்டு சுற்று ஆடிவிட்டார். எந்தச் சாமி என்று கேட்டார். சாமி இல்லை சார், செத்துப்போன பெரியவர் என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. இறந்தவரின் மகனிடம் போய் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த மகன் குடித்திருந்தான், அழுதுகொண்டுமிருந்தான். "இன்னாத்துக்கு சார் மன்னிப்பு, எங்கப்பா சாவுக்கு ஃபாரின்லேர்ந்து ஆளு வந்து ஆடிக்கினு கீது, அவரு குடுத்து வெச்சவரு" என்று அவரைக் கட்டிக்கொண்டான்.  அன்று வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது குமாதா, இந்த ஊரில் நான் எதையாவது தெரியாமல் செய்தால் முன்னாலேயே சொல்லிவிடு என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றிய லட்சணத்தைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அந்த வருஷம் ஒரு வருஷப் பயிற்சிக்கு என்னை ஜப்பானுக்கு அனுப்ப முடிவாகியிருந்தது. குமாதாவே கூட்டிக்கொண்டு போவார். தன் ஊர்த் திருவிழாவையும் பார்த்தாற்போல் இருக்கும் என்று பயணத்தை மே மாதத்தில் வைத்திருந்தார். எங்கள் தெருவில் வெளிநாடு போகும் முதல் ஆள் நான். விமானத்தைத் தலைக்கு மேல் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் தாழும். அப்போதெல்லாம் சக்கரத்தின் அழுக்குவரை தெரிகிறது என்று பொய் சொல்லிக்கொள்வோம். கத்திரி வெயிலில், மின்விசிறி சுற்றினால் அனல் இறங்குகிற அறையில், கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் நின்ற ஒரே ஆள் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். அங்கேயும் அது கோடைதான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. எங்கள் பொன்னியம்மன் திருவிழாவும் அதே நாட்களில் வந்தது. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு, பத்தாம் நாள் ஞாயிறு மாலை தீமிதி. என் விமானம் நடுவில், எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. தீ மிதிக்கிறவர்கள் முதல் நாளே மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. கட்டிவிட்டால் பத்து நாளும் கவிச்சி கூடாது, ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. வேலைக்குப் போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். பழைய வீடுகள் நாற்பது சொச்சம். வீட்டுக்கு ஒரு ஆண் தணலில் இறங்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து எப்போதும் நைனாதான். முந்தின வருஷம் சர்க்கரை வியாதியில் அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். வீட்டில் மிச்சமிருந்த ஆண் நான் ஒருவன்தான்.

நைனா ஒரே ஒரு முறை கேட்டார். "நம்ம வூட்லேர்ந்து யார்ரா எறங்கறது?"

"நைனா, அது ஃப்ளைட் டிக்கெட். டவுன் பஸ் டிக்கெட் இல்ல" என்றேன்.

எவ்வளவு சாமர்த்தியமான பதில் என்று அப்போது நினைத்தேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அம்மாதான் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தாள். சாப்பிட வரச்சொல்லு, பேப்பரைக் குடுக்கச்சொல்லு என்கிற அளவில் நாட்கள் போயின. எங்கள் வீட்டு இடம் காலியாக நிற்கப்போவது ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று.

காப்புக் கட்டு அன்று சாயங்காலம் நான் வரிசைப் பக்கமே போகாமல் பந்தல்காலுக்குப் பின்னால் நின்றேன். யாராவது கையைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பம்பையும் உடுக்கையும் முழங்கின. வேப்பிலை வாசனை, கற்பூரப் புகை, வியர்வை. குமாதா காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். அப்படியே வரிசைக்குள் போய்விட்டார். பூசாரி கயிறும் கையுமாக என்னைப் பார்த்து, "இன்னாபா, தொரையும் கட்டிக்கிறாரா?" என்று கேட்டார். குமாதாவும் திரும்பி என்னைப் பார்த்து, இது எதற்கு என்று அவர் மொழியில் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். காப்பு. காப்பு என்றால் காப்பது, பாதுகாப்பு. பாதுகாப்புக்கு அவர்கள் மொழியில் அன்ஸென் என்று சொல்வார்கள். எங்கள் தொழிற்சாலையில் எந்தத் தூணைப் பார்த்தாலும் அந்தச் சொல்தான் பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல்லும் அதுதான். நோன்பு, சத்தியம், எல்லை, தீ, இதற்கெல்லாம் அந்த நேரத்தில் எனக்குச் சொல் வரவில்லை. "அன்ஸென்" என்றேன்.

வாழ்நாள் முழுவதும் அன்ஸெனுக்காகவே உழைத்த மனிதர். முகம் மலர்ந்துபோயிற்று. காமிராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு வலது கையை நீட்டினார். பூசாரி மூன்று முடிச்சுப் போட்டார். பம்பை ஓங்கி முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு ஜப்பான்காரர் எங்கள் அம்மனுக்குக் கட்டுப்பட்டுவிட்டார் என்று எல்லோருக்கும் பெருமை. கூட்டத்தில் நைனா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இருந்தது கோபம் என்றால் தாங்கியிருப்பேன். அது பயம். வெள்ளிக்கிழமை இவரும் விமானம் ஏறப்போகிறவர் என்பது அவருக்குத் தெரியும்.

அவிழ்த்துவிடலாமா என்று பூசாரியைத் தனியாகக் கேட்டேன். தீயில் இறங்கி ஏறின பிறகுதான் அவிழ்க்க முடியும் என்றார். வெளிநாட்டுக்காரருக்கு இதெல்லாம் உண்டா என்று இழுத்தேன். கயிறு பாஸ்போர்ட்டையா பார்க்கும் என்று திருப்பிக் கேட்டார். சரி, குமாதாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை அவர் கயிறு நனையாமல் எப்படிக் குளிப்பது என்று கேட்டார், நனையலாம் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டால் அவர் பயணம் நின்றுபோய்விடும், அவர் நின்றால் நானும் நின்றுபோய்விடுவேன். உங்களிடம் மறைப்பதற்கென்ன, அவருக்காக அல்ல, எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னது அஞ்சலையக்கா. கோவளத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஞாயிறும் புதனும் ஷேர் ஆட்டோவில் கூடையோடு வருகிற மீன்காரம்மா. அவளுக்கும் குமாதாவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்று அவளுக்கு அவர்மேல் தனி மரியாதை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சங்கரா மீனைக் கையில் எடுத்ததும் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். "இன்னா சார், கையில காப்பு கட்டிக்கினு மீனு கேக்கற" என்றாள். அவர் விழித்தார். அவள் மீன் வெட்டுகிற கத்தியால் எங்கள் வாசல் மண்ணில் பெரிய வட்டம் ஒன்று கிழித்தாள். அவரை அதற்குள் இழுத்து நிறுத்தினாள். வட்டத்தைத் தாண்டுவது போல் காலைத் தூக்கிக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் தரையில் நெருப்பு எரிவது போல் விரல்களை ஆட்டி, அதன்மேல் இரண்டு விரலால் நடந்து காட்டினாள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு வருஷம் ஜப்பான் மொழி படித்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமாதா வட்டத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து என் முன்னால் நின்று கேட்டது ஒரே கேள்வி. கோடு எங்கே இருக்கிறது? தொழிற்சாலையில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. தாண்டக் கூடாத கோடு ஒன்று உண்டென்றால் அதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். எனக்கு எல்லை தெரியாது. இருபத்து நாலு வயது வரை அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாது. நைனாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்தார். அவர் முன்னால் மெதுவாக ஓட்ட, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம்.

அந்த மாலை நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கலில் தொடங்கினோம். கரைமேல் போய், இரண்டு பனைமரத்துக்கு நடுவே இறங்கி, புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடியின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நைனா வண்டியை நிறுத்தினார். அங்கே முழங்கால் உயரத்தில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. அதைக் கடந்து ஒரு பள்ளிக்கூட மைதானம், அதற்கப்புறம் ஒரு 'நகர்'. எல்லை ஒரு வீட்டின் சமையலறை வழியாகப் போகிறது என்றார் நைனா. அந்த வீட்டம்மாள் வெளியே வந்து, "அப்ப நான் சமைக்கிறது உங்க ஊரு, சாப்பிடறது வேற ஊரா?" என்று கேட்டுவிட்டு எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குமாதா ஒவ்வொரு இடத்தையும் நோட்டில் வரைந்துகொண்டே வந்தார். சுற்றிவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நைனா ஒரு பெயர் சொன்னார். கொல்லமேடு, வண்ணான் துறை, உப்புக்குழி. என் காலுக்குக் கீழே இத்தனை பெயர்கள் இருந்ததா என்று வாய் பிளந்து நடந்தேன். கடல் தாண்டப் போகிறவன் சொந்த ஊரைச் சுற்றி ஒரு தரம்கூட நடந்ததில்லை.

மறுபடி கலங்கலுக்கு வந்து சேர்ந்ததும் என் தவறை ஒப்புக்கொண்டேன். அது அன்ஸென் இல்லை சார், தீயில் நடப்பதற்கான சத்தியம் என்றேன். உடைந்த ஜப்பான் மொழியில் அதைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நீங்கள் போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், வெறும் கயிறுதானே என்றேன். சிரிப்பு நின்றது. நீ ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டார். டிக்கெட் இருக்கிறது என்றேன். வெறும் கயிறு என்றால் டிக்கெட் இருந்தால் என்ன என்றார்.  அவர் கையைத் தூக்கிக் காட்டித் தமிழில் சொன்னார்.

"கட்டியாச்சு."

அந்தச் சொல்லை எங்கே கற்றுக்கொண்டார் என்று தெரியாது. என் பயணம் அந்தக் கலங்கல் மேட்டிலேயே முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் நோட்டை மூடிவிட்டு வேறொன்று சொன்னார். தீமிதி நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமைதான் அவர் ஊரிலும் திருவிழா. அங்கேயும் வீட்டுக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு இடுப்பு முடியவில்லை, குமாதா போயிருந்தால் அவரே தோள் கொடுத்திருப்பார். நீ தனியாகப் போ, எங்கள் வீட்டுக்காக நீ தோள் கொடு, உங்கள் வீட்டுக்காக நான் இறங்குகிறேன் என்றார். இதை நைனாவுக்குத் தமிழில் சொன்னேன். நைனா வண்டியிலிருந்து இறங்கி, கட்டுப்போட்ட காலோடு நொண்டி வந்து, குமாதாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "குமாரு நம்ம வூட்டுக்கு நிக்கட்டும்டா" என்றார். ஒரு மாதமாக என்னிடம் நேராகப் பேசாதவர், அன்று பேசினார்.

வெள்ளிக்கிழமை மதியம் என்னை வழியனுப்பக் குமாதா கேம்ப் ரோடு திரும்புகிற தரைப்பாலம் வரை வந்தார், எங்கள் எல்லை அங்கே முடிகிறது. பகலில் தாண்டலாம் சார், விமான நிலையம் வரை வாருங்கள் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார். ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் திரும்பி வர நேரமாகிவிட்டால்? அன்ஸென் என்றார். டாக்ஸி போகப் போக, பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று, நான் மறைகிறவரை குனிந்தே இருந்தார்.

அவர் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. வயல் நடுவில் வீடுகள். பெட்டியிலிருந்த கம்பளிச் சட்டை வெளியே வரவே இல்லை, வியர்த்து ஊற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய அண்ணன் எனக்கு ஒரு நீலச் சட்டை போட்டுவிட்டார். முதுகில் அவர்கள் குடும்ப முத்திரை. கோயில் முன்னால் ஒரு கிழவர் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்து, எந்த வீடு என்று கேட்டார். "குமாதா வீடு" என்றேன்.  எல்லோரும் கைதட்டி, என்னை இழுத்துச் சாமியைத் தாங்குகிற கட்டைக்கு அடியில் தள்ளினார்கள். தோளில் பாரம் இறங்கியதும் எனக்கு மூச்சு நின்றது. அத்தனை கனம். நாற்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள், அந்தக் கத்தல் என் நெஞ்செலும்பு வழியாக உள்ளே போயிற்று. வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் எங்கள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் ஊரில் கரகம் எடுத்து வருகிறவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்களே, அதேதான். உலகத்தின் அந்த மூலையிலும் சாமியைச் சுமந்து வருகிறவனுக்குச் சுடும் என்று தெரிந்திருக்கிறது. நான் அழுதேன். தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை.

அன்று நள்ளிரவில் அவர்கள் வீட்டுத் தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டேன். தீமிதி முடிந்து எல்லோரும் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார்கள். குமாதா முந்தின நாளே போய்க் குண்டத்தை நாடா வைத்து அளந்தாராம். எவ்வளவு கட்டை, எத்தனை மணிக்குப் பற்றவைப்பது, தணலைத் தாண்டியதும் காலை நனைக்கிற பால் குழி எத்தனை அடி தள்ளி என்று பூசாரியைக் குடைந்தாராம். கடைசியில் தன் காரிலிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையைக் கொண்டுவந்து குண்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாராம். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ அவர் ஊர்ச் சாமி சாமான் என்று மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மாலையும் போட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள். பிறகு குரல் மாறிற்று.

"பூசாரி நம்ம வூட்டப் பேரு சொல்லிக் கூப்ட்டாரு. உங்க நைனா அவரு முதுகுல கை வெச்சி அனுப்பினாரு. எல்லாரும் ஓடினாங்கடா. அவரு ஓடல. நடந்தாரு."

தொழிற்சாலைக்குள் ஓடக் கூடாது என்பது குமாதாவின் முதல் விதி. ஓடினால் விழுவாய், நடந்தால் போய்ச் சேருவாய் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்வார், நான்தான் அதை மொழிபெயர்ப்பேன். பன்னிரண்டு அடித் தணலில் அவர் அதையே செய்திருக்கிறார். பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்களாம். ஒரு அடி, இன்னொரு அடி. பால் குழியில் இறங்கி நின்று, திரும்பித் தணலைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தாராம். நைனா குழந்தை மாதிரி அழுதார் என்றாள் அம்மா. நான் தொலைபேசியைப் பிடித்தபடி, வீங்கிப்போன தோளைத் தடவிக்கொண்டு, அந்த அந்நிய வீட்டுக் கூடத்தில் நின்றேன்.

அடுத்த வருஷம் நான் இறங்குவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு வருஷமும் அதே நினைப்பு. நடுவில் ஊரிலிருந்து ஒரு கடிதமும் பத்திரமும் வந்தன. நைனாவும் சித்தப்பாக்களும் ஏதோ நிலத்தை விற்கிறார்களாம், பூர்வீகச் சொத்து, என் கையெழுத்தும் வேண்டுமாம். பத்திரத்தில் சர்வே எண்ணும் நான்கு பக்க எல்லையும் இருந்தன. தூதரகத்துக்குப் போய் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

சித்திரைக் கடைசியில் ஊருக்கு வந்து, பெட்டியை வைத்த கையோடு தீமிதி நடக்கிற திடலுக்குப் போனேன். தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள். உள்ளே பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. குண்டம் வெட்டுகிற இடத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம், அதில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாம்பல் விழுந்த மண் கருப்பாக ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. குமாதா அப்போதும் எங்கள் மாடியில்தான் இருந்தார். பின்னாலேயே வந்தவர், இந்த வருஷம் எங்கே என்று கேட்டார். இந்த முறை மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, சொல் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. இனி இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. தகரத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் குனிந்தார்.

அம்மனுக்கு இப்போதும் திருவிழா நடக்கிறது. கரகம் வருகிறது, கூழ் வார்க்கிறார்கள், மின்விளக்குத் தோரணம் முன்பைவிட அதிகம். குண்டம் வெட்ட ஊருக்குள் ஒரு பிடி மண் இல்லை. தீ இல்லாததால் காப்பும் இல்லை, காப்பு இல்லாததால் எல்லை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நைனா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கொல்லமேடும் உப்புக்குழியும் எங்கே என்று என்னைக் கேட்டால் எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. எங்கள் வீட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அந்தத் தணலில் கடைசியாக இறங்கியவர் குமாதா. நான் இறங்கவே இல்லை.